காதுக்குள் காட்டுப் பஞ்சு

டாக்டரம்மா என் வலது காதிலிருந்து பஞ்சை இழுத்து எடுத்தபோது அந்த அறையில் இருந்தவர்கள் அம்மா, பெரியம்மா, தட்டு ஏந்தி நின்ற ஒரு நர்ஸ், நான். அப்பா இல்லை, திருமானூர்ப் பக்கம் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தார். நம் நாலாம் வகுப்பு டீச்சர் இல்லை. நீங்கள் யாரும் இல்லை. பஞ்சுக் காட்டுக்கார லாத்தாவும் இல்லை, ஆனால் லாத்தாவின் தங்கச் சங்கிலி என் கழுத்தில் கிடந்தது.

என்னோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நம்மில் பலருக்கு இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள். போன மாதம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தன், "பாப்பாவுக்குக் காது ஒழுகுதுடா, என்ன ஊத்தலாம்?" என்று கேட்டிருந்தான். ஆளாளுக்கு ஒன்று சொன்னீர்கள். பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய் என்றான் ஒருத்தன். ஒழுகினால் நல்லதுதான், கெட்ட நீர் வெளியே போகிறது என்றான் இன்னொருத்தன். நான் ஒன்றும் எழுதவில்லை. கட்டைவிரலால் தட்டி முடிக்கிற சங்கதி இல்லை அது.

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்தே அந்தக் காது ஈரமாகத்தான் இருந்தது. காலையில் எழுந்தால் தலையணை உறை காதோடு ஒட்டிக்கொண்டு வரும். அம்மா உறையைப் பிரித்தெடுத்து மூக்கருகே கொண்டுபோவாள். மஞ்சளாக இருந்தால் பெருமூச்சு விடுவாள். பச்சையாக இருந்தால் நேரே துவைக்கிற கல்லுக்குக் கொண்டுபோவாள். பரணில் எலி செத்துக் கிடந்தால் ஒரு வாடை வருமே, அதுதான். எனக்கு அது தெரியாது. எதிரே நிற்பவர்களின் முகத்தைப் பார்த்துத்தான் இன்றைக்கு வாடை எவ்வளவு என்று தெரிந்துகொள்வேன்.

காரணம் மட்டும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

"படுத்துக்கிட்டே பால் குடுத்தா இப்படித்தான். மூக்குல ஏறி காதுல எறங்கியிருக்கும்" என்பார் அப்பா.

"ஆமா, எந்தங்கச்சி மேல சொல்லு. நீச்சக் கத்துக் குடுக்கறேன்னு புள்ளையத் தூக்கிக் கெணத்துல போட்டியே, அது யாரு, பக்கத்து வூட்டுக்காரனா?" என்பாள் பெரியம்மா.

அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். அம்மா என் காதைத் துடைத்துக்கொண்டே இருப்பாள். பால் கொடுத்த கதையை அவள் நம்பிவிட்டாள் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. மெடிக்கல் கடைக்காரர் மட்டும், "சளிதாம்மா. சளி புடிக்கறப்பல்லாம் ஒழுகுதான்னு பாருங்க" என்றார். உண்மைக்குப் பக்கத்தில் போனவர் அவர்தான். ஆனால் சளி என்பது யாரையும் குற்றம் சொல்லாத காரணம். அதனால் அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

ஒன்றில் மட்டும் எல்லாரும் ஒத்துப்போனார்கள். ஒழுகுவதுதான் நோய். ஒழுகுவது நின்றுவிட்டால் குணம்.

நிறுத்துவதற்காக ஊற்றியவை ஏராளம். வெதுவெதுப்பான நல்லெண்ணெய் உள்ளே இறங்கும்போது தொண்டையில் கசப்புத் தட்டும். காதில் விட்டது தொண்டைக்கு எப்படி வருகிறது என்று யாரும் யோசிக்கவில்லை. செவிப்பறையில் ஓட்டை இருந்தால்தான் அப்படி வரும் என்று இப்போது எனக்குத் தெரியும். பிறகு, பிரவுன் பாட்டிலில் பொங்குகிற மருந்து. அதை விட்டால் தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை கொட்டுகிற மாதிரி மண்டைக்குள் சத்தம் கேட்கும். வெள்ளை நுரை காதுமடல் வழியாக வழியும். நுரை வருவதைப் பார்த்து அம்மா, "எல்லாம் வெளிய வருது, எல்லாம் வெளிய வருது" என்பாள். எனக்கும் அந்தச் சத்தம் பிடிக்கும். அந்தக் காது அவ்வளவு சத்தமாகக் கேட்ட வேறு நேரமே இல்லை.

நாம் நாலாம் வகுப்பில் இருந்த வருஷம் பொங்கல் கழிந்ததும் பஞ்சு வெடித்துத் தள்ளியது. அப்பா கரும்பு வெட்டுகிற ஆட்களோடு கிளம்பிப் போய்விட்டார். அம்மாவும் பெரியம்மாவும் லாத்தாவின் காட்டில் பஞ்சு எடுத்தார்கள். லாத்தா லப்பைக்குடிக்காட்டுக்காரர், அங்கே முஸ்லிம் வீட்டு அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவர் வீட்டுக்காரர் துபாயில் கடை வைத்திருந்தார். நம் ஊர் எல்லையில் இருந்த அவர்களுடைய கரிசல் காட்டை லாத்தாதான் வந்து பார்த்துக்கொள்வார். வெயிலில் குடை பிடித்துக்கொண்டு வரப்பில் நின்று, "கொட்டாங்குச்சி ஒட்டாம எடுங்க புள்ளைங்களா" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். காய்ந்த காயின் ஓட்டைத்தான் அப்படிச் சொல்வார்.

நம் டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பியது அந்த வாரத்தில்தான். "உங்க பையன் பக்கத்துல எந்தப் பிள்ளையும் உட்கார மாட்டேங்குது. காத அடைச்சு அனுப்புங்க. இல்லன்னா வூட்லயே வெச்சுக்குங்க" என்றார். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடத்துப் படி ஏறிய முதல் ஆள் நான். வீட்டிலேயே வைத்துக்கொள்வது என்றால் என்ன என்று அம்மாவுக்குத் தெரியும். அடுத்த வருஷம் நானும் பஞ்சு எடுப்பேன்.

மறுநாள் காலையில் அம்மா முந்தானையில் முடிந்து வைத்திருந்த பஞ்சைப் பிரித்தாள். கடைப் பஞ்சுக்குக் காசு வேண்டும். காட்டுப் பஞ்சு மடியில் இருந்தது. கொட்டையைப் பிதுக்கி எடுத்துவிட்டு, விளக்குத் திரி திரிப்பது போலவே தொடையில் வைத்து உருட்டி, என் காதில் செருகினாள். புழுவுக்கு அடித்த மருந்தின் நெடி அதில் இருந்தது. அந்த நெடி என் வாடையை மறைத்தது. டீச்சர் திருப்தியானார்.

எனக்குச் சீக்காதன் என்று பெயர் வைத்திருந்த நீங்கள் திருப்தியாகவில்லை. "சீக்காதன் திரி போட்டிருக்கான், பத்த வைடா" என்று சிரித்தீர்கள். அது எனக்குக் கேட்டது. இடது காதுப் பக்கமாக நின்று சொன்னீர்கள். கடைசி வரிசையில், சுவரோரமாக, இடது காதைச் சுவரில் வைத்தபடி உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்காமல் போனது டீச்சர் கேட்ட கேள்விகள்தான். "செவிட்டு மாடு மாதிரி முழிக்கிறான் பாரு" என்று பிரம்பால் தட்டுவார். அவர் கெட்டவர் இல்லை. நான் செவிடு என்பதை அவர் வாயாலேயே சொல்லிக்கொண்டு இருந்தார், அதை அவரே காதில் வாங்கவில்லை.

தினமும் ஒரு திரி. சாயங்காலம் வீடு திரும்பும்போது சில நாள் திரி இருக்கும், சில நாள் இருக்காது. "எங்கடா?" என்பாள் அம்மா. "உளுந்துருக்கும்மா" என்பேன். நானும் அப்படித்தான் நினைத்தேன். கபடி ஆடுகிறோம், ஓடுகிறோம், விழாமல் என்ன செய்யும்? மறுநாள் காலையில் இன்னொன்று.

பிறகு ஒருநாள் தலையணை உறை காய்ந்து கிடந்தது.

அம்மா அதை முகர்ந்தாள். திருப்பிப் போட்டு முகர்ந்தாள். வாசலுக்கு எடுத்துப்போய் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தாள். "யக்கா, காஞ்சிடுச்சுக்கா!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினாள். பெரியம்மா பல் துலக்கிய சாம்பலோடு ஓடிவந்து என் காதுக்குள் எட்டிப் பார்த்தாள். "ஒரு சொட்டு சீழ் இல்லடி! கெணறு வத்துன மாதிரி இருக்கு!" என்றாள். அடுத்த நாளும் காய்ந்திருந்தது. அதற்கடுத்த நாளும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா என்னைத் திருமழபாடிக்குக் கூட்டிப்போனாள். கோயிலில் விளக்குப் போட்டுவிட்டு, அங்கிருந்து அப்பா கரும்பு வெட்டுகிற இடத்துக்குப் போனோம். கருஞ்சாம்பல் படிந்த கையைத் துடைத்துக்கொண்டு அப்பா வந்தார். குனிந்து என் காதை முகர்ந்தார். அவர் என்னை அவ்வளவு நெருங்கி மூச்சை இழுத்தது அன்றைக்குத்தான். "அட, நாத்தமே இல்ல" என்று என்னைத் தூக்கிவிட்டார். வலது காதில் வாயை வைத்து ஏதோ சொன்னார். கன்னத்தில் தாடி குத்தியதும் மூச்சு சுட்டதும் தெரிந்தது. சொல் எதுவும் கேட்கவில்லை. கேட்ட மாதிரி சிரித்து வைத்தேன். அன்றைக்கு யாருடைய சந்தோஷத்தையும் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.

திரும்பி வருகிற பஸ்ஸிலேயே தலை வலிக்க ஆரம்பித்தது. ஊருக்கு வந்த பிறகு காய்ச்சல் பிடித்தது. காதுக்குப் பின்னால் தொட்டால் சுட்டது, பிறகு வீங்கியது. வலது காது முன்பக்கமாகத் தள்ளிக்கொண்டு, முறம் மாதிரி விரிந்து நின்றது.

பெரியம்மா பார்த்த உடனே சொல்லிவிட்டாள். "பொன்னுக்கு வீங்கிடி. எம்புள்ளைங்களுக்கெல்லாம் வந்து போனதுதான். தொத்திக்கும், பள்ளிக்கூடம் அனுப்பாத. மஞ்சளும் சுண்ணாம்பும் பத்துப் போடு. கழுத்துல பொன்னப் போட்டு வுட்டா தானா எறங்கிடும்."

காது ஒழுகல் குணமாகிவிட்டது. இது வேறு நோய். அப்படித்தான் இரண்டு பேரும் நம்பினார்கள். ஒழுகல் நின்றதுக்கும் வீக்கம் வந்ததுக்கும் ஒரு சம்பந்தமும் இருப்பதாக அவர்களுக்குத் தோன்றவில்லை.

பொன் வேண்டும். அம்மாவின் கழுத்தில் மஞ்சள் கயிறும் குண்டுமணி அளவுத் தாலியும்தான் இருந்தன. அதைக் கழற்ற முடியாது. லாத்தாவிடம் போய் நின்றாள். நானும் போர்வையைப் போர்த்திக்கொண்டு கூடவே போயிருந்தேன்.

லாத்தா கேள்வி கேட்கவில்லை. கழுத்திலிருந்து கழற்றியே கொடுத்தார். "எங்க உம்மா எனக்குப் போட்டது புள்ள. ஒன்றரப் பவுனு. பத்திரம்" என்றார். உம்மா என்று அவர் சொன்னது தன் அம்மாவை. பிறகு என் காதைப் பார்த்து முகம் சுருங்கி, "ஏம்மா, டாக்டர்ட்டயும் ஒரு எட்டுக் காட்டிடு. எனக்கென்னமோ இது சரியாத் தெரியல" என்றார்.

"ஆவட்டும் லாத்தா" என்றாள் அம்மா. பஞ்சு எடுக்கிற காலத்தில் ஒருநாள் பெரம்பலூர் போனால் ஒருநாள் கூலி போகும். அதோடு, பொன்தான் கிடைத்துவிட்டதே.

கொதிக்கிற கழுத்தில் அந்தச் சங்கிலி பட்டபோது எவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது தெரியுமா? நெல்மணி நெல்மணியாகக் கோத்த மாதிரி இருக்கும். நம் பக்கத்து வேலைப்பாடு இல்லை. நீங்கள் வந்து ஜன்னலில் தொங்கிக்கொண்டு பார்த்தீர்கள். "டேய், சீக்காதன் தங்கச் சங்கிலி போட்டிருக்கான்டா!" என்று ஒருத்தன் கத்தினான். நான் போர்வையைக் கொஞ்சம் இறக்கி, நன்றாகத் தெரிகிற மாதிரி படுத்துக்கொண்டேன். அந்தப் பருவத்தில் நான் பெருமையாக இருந்தது அப்போது மட்டும்தான்.

வீக்கம் இறங்கவில்லை. ஒரு காலையில் அம்மா கஞ்சியை ஊட்டினாள். ஊட்டிய கஞ்சி வலது கடைவாய் வழியாக அப்படியே வழிந்தது. "முழுங்குடா" என்றாள். முழுங்கினேன். மறுபடியும் வழிந்தது. அம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "சிரி தம்பி" என்றாள். சிரித்தேன். அவள் எழுந்து நின்றுவிட்டாள். என் வாய் ஒருபக்கமாக இழுத்துக்கொண்டு போயிருந்தது. வலது கண் மூட மறுத்தது. பெரியம்மா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பொன்னுக்கு வீங்கியில் இது வராது என்று அவளுக்கே தெரிந்துவிட்டது.

பெரம்பலூரில் ஒரு டாக்டரம்மா. நெற்றியில் வட்டக் கண்ணாடி மாட்டியிருந்தார். காதுக்குப் பின்னால் ஒரு விரலை வைத்து அமுக்கினார். நான் போட்ட சத்தத்தில் வெளியே நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"என்னம்மா வெச்சுக் கட்டியிருக்கீங்க?"

"பத்துங்க. பொன்னுக்கு வீங்கிக்கு" என்றாள் பெரியம்மா.

"பொன்னுக்கு வீங்கின்னா இங்க வீங்கும்" என்று டாக்டரம்மா தன் தாடையை, காதுக்கு முன்னாலும் கீழேயும் தொட்டுக் காட்டினார். "இவனுக்குக் காதுக்குப் பின்னாடி, எலும்புல வீங்கியிருக்கு. காது எத்தன வருஷமா ஒழுகுது?"

"இப்ப நின்னுடுச்சுங்க" என்றாள் அம்மா அவசரமாக.

"எத்தன வருஷமா ஒழுகுச்சுன்னு கேட்டேன்."

"கைப்புள்ளையிலேர்ந்துங்க."

"தண்ணியாட்டம் வருமா, கெட்டியா வருமா? நாத்தம் இருந்துச்சா? ரத்தம் வந்துச்சா? தலை சுத்துதா? வாந்தி?" ஒவ்வொன்றுக்கும் அம்மா தலையை ஆட்டினாள். நாற்றம் என்ற இடத்தில் மட்டும் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்தாள்.

பிறகுதான் இடுக்கி உள்ளே போனது. வெளியே வந்த முதல் திரி வெள்ளையாக இருந்தது. அடுத்தது மஞ்சள். அதற்குப் பின்னால் வந்தவை கறுத்து, பிசுபிசுத்து, ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தன. கடைசியாக, பிதுக்கி எடுக்காமல் விட்டுப்போன ஒரு பஞ்சுக்கொட்டை, ஊறி உப்பி, தட்டில் விழுந்தது. அது விழுந்த சத்தம் எனக்கு இடது காதில் கேட்டது. அதன் பின்னால் சீழ் பீறிட்டது. நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெரியம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அம்மா மட்டும் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். விழுந்துவிட்டதாக நினைத்த திரிகள் எல்லாம் அங்கே இருந்தன.

"ஏதும்மா இந்தப் பஞ்சு?"

"காட்டுப் பஞ்சுங்க."

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருக்கலாம். கவட்டை மாதிரி ஒரு இரும்பை எடுத்து முழங்கையில் தட்டி, அதன் காம்பை என் நடுநெற்றியில் வைத்தார். 'ங்...' என்று மண்டை முழுதும் ரீங்கரித்தது. "எந்தக் காதுல கேக்குது தம்பி?" என்றார். நான் வலது காதைக் காட்டினேன். சத்தியமாக வலது காதில்தான் கேட்டது.

"சாமி! கெட்ட காதுலயே கேக்குதுங்க!" என்று அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். அவள் முகம் அப்படி மலர்ந்ததை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

டாக்டரம்மா இரும்பை மேஜையில் வைத்தார். "அப்படி இல்லம்மா. சத்தம் உள்ள போற வழி அடைச்சிருந்தா இப்படித்தான் கேக்கும். ஆனா உள்காது நரம்பு இன்னும் இருக்கு. அது வரைக்கும் நல்லது" என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். சின்ன வயதில் சளி பிடித்து, செவிப்பறைக்குப் பின்னால் சீழ் கட்டி, அது வெடித்து ஓட்டை விழுந்திருக்கிறது. அது யார் குற்றமும் இல்லை. ஓட்டை ஆறாமல், வெளித்தோல் அதன் வழியாக உள்ளே போய் வளர்ந்து, எலும்பை அரித்துக்கொண்டே போயிருக்கிறது. அந்த நாற்றம் அதனுடையது. ஒழுகினவரைக்கும் சீழுக்கு ஒரு வழி இருந்தது. பஞ்சு அடைத்ததும் அது உள்பக்கமாக வழி தேடிக்கொண்டது. முகத்து நரம்பைப் பிடித்துவிட்டது. அடுத்தது மூளை.

"அப்ப பால் குடுத்ததால இல்லீங்களா?" என்று அம்மா கேட்டாள்.

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. "பாலா? இல்லம்மா" என்றார்.

அம்மா தலையை ஆட்டினாள். ஒரு பழியிலிருந்து விடுபட்ட அதே நிமிஷத்தில் இன்னொன்று அவள் மடியில் விழுந்திருந்தது. இதை யாரும் அவள் மேல் சுமத்தவில்லை. தட்டில் கிடந்தது.

திருச்சியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அப்பா திருமானூரிலிருந்து நேராக அங்கே வந்துவிட்டார். ஆபரேஷனுக்குக் காசு இல்லை. ஆனால் ஸ்கேன் வெளியே எடுக்க வேண்டும், மருந்து வெளியே வாங்க வேண்டும், இரண்டு பேர் தங்க வேண்டும். அப்பா என் கழுத்தைப் பார்த்தார்.

"அது லாத்தா சங்கிலி" என்றாள் அம்மா.

"தெரியும்."

"அவுங்க உம்மா போட்டது."

"அடகு வெச்சுட்டு மீட்டுக் குடுத்துடுவோம். வெட்டுக்குப் போனா ஒரு மாசம்" என்றார் அப்பா. கொக்கியைக் கழற்ற அவர் விரல்களால் முடியவில்லை. கரும்புச் சோகை அறுத்து விரலெல்லாம் வீங்கியிருந்தது. அம்மாதான் கழற்றிக் கொடுத்தாள். தப்பான நோய்க்கு வாங்கி வந்த பொன் சரியான நோய்க்குப் போனது.

காதுக்குப் பின்னால் அறுத்து, அரித்துப்போன எலும்பைச் சுரண்டி எடுத்தார்கள். பிழைத்துவிட்டேன். முகம் மெல்ல மெல்லத் திரும்பியது. இன்றைக்கும் நான் சிரித்தால் உற்றுப் பார்க்கிறவர்களுக்குத் தெரியும். கட்டுப் பிரித்த பிறகு ஒரு டாக்டர் அதே மாதிரி ஒரு இரும்பைத் தட்டி நெற்றியில் வைத்தார். இந்தத் தடவை இடது காதில் கேட்டது. "நல்ல காதுலதான் கேக்குதா? செரி, செரி" என்று அம்மா நிம்மதியானாள். டாக்டர் எதையோ எழுதிக்கொண்டு போனார். அதற்கு அர்த்தம் எனக்குப் பல வருஷம் கழித்து, வேலைக்கான மருத்துவச் சோதனையில்தான் தெரிந்தது. வழி அடைத்திருந்தால் கெட்ட காதில் கேட்கும். நரம்பே போய்விட்டால் நல்ல காதில் மட்டும்தான் கேட்கும். அம்மாவிடம் நான் அதை விளக்கவில்லை.

அப்பா மறுபடி வெட்டுக்குப் போனபோது வெட்டு முடிந்திருந்தது. சங்கிலியை மீட்க முடியவில்லை. ஏலம் போய்விட்டது. அம்மா லாத்தாவிடம் போய்ச் சொன்னபோது லாத்தா நெடுநேரம் வெறுங்கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். "புள்ள மவுத்தாப் போவாம வந்தானே, அல்லா காப்பாத்துனான்" என்றார். பிறகு, "ஆனா அது எங்க உம்மா சங்கிலி புள்ள" என்றார். அழவில்லை. அதற்குப் பிறகு மூன்று வெள்ளாமைக்கு அம்மா அந்தக் காட்டில் கூலி வாங்காமல் பஞ்சு எடுத்தாள். லாத்தா வேண்டாம் என்றார், கையில் திணித்தும் பார்த்தார். அம்மா வாங்கவே இல்லை. ஆனால் ஒரு துணுக்குப் பஞ்சுகூட அவள் மடியில் வீட்டுக்கு வந்தது கிடையாது. விளக்குத் திரிக்குக்கூடக் கடையில்தான் வாங்கினாள்.

இனி, போன ஞாயிற்றுக்கிழமை. குழுவில் கேட்டானே, அவனுடைய மனைவி பாப்பாவைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பாப்பாவின் காதில் பஞ்சு இருந்தது.

"இதுக்கு டாக்டர்ட்ட போனா எவ்ளோ அத்தை ஆவும்?" என்று கேட்டாள்.

"மொதல்ல அத வெளிய எடு" என்றாள் அம்மா. "கவுருமெண்டு ஆஸ்பத்திரிக்குப் போ. சீட்டுக்குக் காசு இல்ல. பொம்பளைங்களுக்கு இப்ப பஸ்ஸும் சும்மாதான். ஒண்ணும் ஆவாது."

"உங்களுக்கு நெறைய ஆச்சாமே? எவ்ளோ அத்தை ஆச்சு?"

அம்மா பதில் சொல்லவில்லை என்றுதான் நினைத்தேன். வழக்கமாக என் இடப்பக்கம்தான் உட்காருவாள். எழுந்து போனது தெரிந்தது. ரசத்துக்குக் கை நீட்டினேன். யாரும் ஊற்றவில்லை. நிமிர்ந்தபோது அந்தப் பெண் வாயில் கை வைத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்வை போன பக்கம் திரும்பினேன். என் வலப்பக்கத்தில், தோளை ஒட்டி, அம்மா குனிந்து நின்றாள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. 'தம்பி' என்று கூப்பிட்ட வாய் இன்னும் மூடவில்லை. எத்தனை தடவை கூப்பிட்டாளோ.

அவள் நிமிர்ந்து அந்தப் பெண்ணிடம் சொன்னாள்:

"பாத்தியா? இவ்ளோ ஆச்சு."